லயம் மூன்றுக்கு வரி இலக்கம் இல்லை

ஒக்டோபர் 8, புதன்

காலை ஆறு மணிக்கு மழைமானி: 31 மி.மீ. மலை தெரியவில்லை. மூடுபனி.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ஃபர்ஹானா, கையில் ஒரு பெட்டி. பெட்டி என்றால் என் ஜெபப் புத்தகத்தின் அளவு. ஒரு பச்சை விளக்கு. எங்கள் லேன் வீடுகளின் சாட் சேர்வர் முழுவதும் இதற்குள்தானாம். அவளுக்குத் தலைப்பிரசவம், அக்குறணையில் உம்மா வீட்டுக்குப் போகிறாள். திரும்ப மூன்று மாதம். அதுவரை பெட்டி என்னிடம்.

ஏன் நான் என்று கேட்டேன்.

"நாப்பத்தொரு வீட்டுல மழைய மறக்காம அளக்கிறது நீங்க மட்டும்தான் ஆன்டி. மத்தவங்க பூப்படம் அனுப்புறாங்க."

ஏற்றுக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். இது என்ன பெரிது.

போன மழைக்காலத்தில் வட்ஸ்அப்பில் யாரோ "மலை இறங்குது, ஓடுங்க" என்று எங்கிருந்தோ வந்ததை அனுப்பி, கீழ் வளைவில் ஒருவர் மழையில் ஓடி மணிக்கட்டு முறிந்தது. மலை இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஃபர்ஹானா (இனி ஃப.) இந்தச் சொந்த சேர்வரை அமைத்தாள். மலையடியில் இருக்கிறோம். பொய் எச்சரிக்கை இரண்டு வந்தால் மூன்றாவது உண்மையை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்று கற்றவை:
– ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அட்மின் 100. நடுவில் 50. மற்ற எல்லோரும் 0.
– ஒவ்வோர் அறைக்கும் தனி விதி. படிக்க எத்தனை, எழுத எத்தனை.
– விதிகளைப் பெட்டி மேலிருந்து கீழாக வாசிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதுவே செல்லும்.

கடைசி விதி மனதுக்குப் பிடித்தது. ஏன் 100, ஏன் 10 இல்லை என்று கேட்டேன். ஃப.வுக்குத் தெரியவில்லை. தெரியாமலே நடத்தியிருக்கிறாள்.

ஒக்டோபர் 9, வியாழன்

44 மி.மீ. பின் முற்றத்தில் பாசி. துணி துவைக்கும் சவர்க்காரம் முடிந்தது.

விதிகள் எழுதியாயிற்று:
1. இரண்டே அறை. 'எச்சரிக்கை', 'பொது'.
2. எச்சரிக்கையில் எழுத 50 வேண்டும். ஐந்து பேருக்கு மட்டும். மற்றவர்கள் படிக்கலாம்.
3. புதிதாகச் சேர்பவர் மாநகர சபை வரி இலக்கம் தர வேண்டும். பட்டியலில் இருந்தால் உள்ளே. இல்லாவிட்டால் பெட்டி தானே மறுக்கும்.

மூன்றாவது என் யோசனை. ஃப. காலத்தில் யார் தட்டினாலும் அவளே பேசிப் பார்த்து உள்ளே விடுவாள். அது ஒரு முறையா? பெயர் யாரும் எதையும் எழுதலாம். வரி இலக்கம் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். குடையோடு லேன் முழுக்க நடந்து, ஒவ்வொரு கேட்டிலும் உள்ள இலக்கத்தைக் குறித்து வந்தேன். இரண்டு நாய் குரைத்தன. ஒரு வீட்டில் தேநீர்.

பிற்பகல் இரண்டு மணிக்கு என்னையே பெட்டி உள்ளே விடவில்லை. ஃப.வுக்கு போன்.

"ஆன்டி, 'எல்லாரையும் மறு'ங்கிற வரிய எங்க போட்டீங்க?"

"மொதல்ல. அதுதானே முக்கியம்?"

"யா அல்லாஹ்! மேலருந்துதானே வாசிக்கும். ஒங்களையே வாசல்ல நிப்பாட்டிட்டுது."

பின்னால் அவள் உம்மாவின் குரல்: "சிரிக்காத, சிரிக்காத, வயித்துப் புள்ள!"

பெட்டியிலேயே விசைப்பலகையைச் செருகி அந்த வரியைக் கடைசிக்கு இறக்கினேன். பெட்டியைக் கையால் தொடுகிறவருக்கு விதி எதுவும் இல்லையாம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. யோசிக்க வேண்டும்.

ஒக்டோபர் 10, வெள்ளி

52 மி.மீ. அனர்த்தப் பிரிவு அலுவலகம் தந்த மண்சரிவுத் தாளின்படி ஒரு நாளில் 75 தாண்டினால்தான் விழிப்பு. தாண்டவில்லை.

சவர்க்காரம் வாங்கப் போனேன். கடை ஹாஜியார் கல்லாவிலிருந்தே சத்தம்:

"மேடம்! நாப்பது வருஷமா பேசிப் பொழைக்கிற வாயிக்கு பிளாஸ்டர் ஒட்டிட்டீங்களே!"

"பொது அறை தொறந்துதான் இருக்கு ஹாஜியார்."

"அங்க போட்டா ஆரு வாசிக்கிற?"

எச்சரிக்கை அறையில் இன்று ஒரு பூ இல்லை, ஒரு காலை வணக்கம் இல்லை. என் மழை அளவு மட்டும். சுத்தமான சுவர்போல.

மாலை பெட்டியின் பதிவேட்டைக் கண்டுபிடித்தேன். யார் எப்போது தட்டினார், பெட்டி என்ன சொன்னது, எல்லாம் நிமிடம் வரை. எக்ஸ்சேஞ்சில்கூட இவ்வளவு இல்லை. ஒரு மணி நேரம் வாசித்தேன். தேநீர் ஆறிவிட்டது.

நேற்று மாலை 4.10 முதல் 4.50 வரை 'செல்வி' என்ற பெயரில் பதினொரு தடவை. வரி இலக்கம் கேட்ட இடத்தில் அவள் எழுதியவை:
0
3
லயம் 3
அடையாள அட்டை இலக்கம், முழுவதும்
58/2

58/2 என் வீடு! அதையே மூன்று தடவை. ஏற்கெனவே பாவனையில் உள்ளது என்று பெட்டி மறுத்திருக்கிறது.

செல்வி யாரென்று தெரியும். லேனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்தில் இருப்பவள். கொழுந்து பறிக்கிறாள். சனிக்கிழமை எனக்குக் கீரை கொண்டு வருவாள். சேரச் சொல்லி ஃப. தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் வந்திருப்பாள்.

தடைப்பட்டியலில் போட்டேன். முதல் பெயர்.

ஆனால் பூப்படம் அனுப்ப ஒருத்தி நாற்பது நிமிடம் தட்டுவாளா?

ஒக்டோபர் 11, சனி

38 மி.மீ. முழங்கால் வலி.

ஒன்பது மணிக்கு கேட்டில் செல்வி. ஒரு கையில் கீரை, மறு கையில் போத்தல்.

"அம்மா, ஒரு—"

"மொதல்ல இதச் சொல்லு. என் வீட்டு நம்பரப் போட்டது நீயா?"

"கேட்டுல எழுதியிருந்துச்சு. அதப் போட்டா தொறக்கும்னு…"

"அடுத்தவங்க நம்பர்ல உள்ள வர்றதுக்குப் பேர் என்னன்னு தெரியுமா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"தெரியும்மா."

கீரையைத் தரவில்லை. போத்தலை மதில்மேல் வைத்துவிட்டுப் படியேறிப் போனாள். உள்ளே தேயிலைச் சாயம்போல ஏதோ. எறிய மனமில்லை, போத்தல் நல்ல போத்தல். குசினி ஜன்னலில், அடுப்புக்கு மேலே, வைத்தேன்.

மத்தியானம் கீரை இல்லாமல் பருப்பு.

ஒக்டோபர் 12, ஞாயிறு

61 மி.மீ. இதுவும் 75 இல்லை.

தேவாலயப் பூசைக்குப் புறப்படும்போது ஜன்னலில் அந்தப் போத்தல். சாயம் அடியில் இறங்கிவிட்டது. இரண்டு விரல் உயரம் செம்மண், மேலே தெளிந்த தண்ணீர். சாயமில்லை. ஏன் ஒருத்தி எனக்குச் சேறு கொண்டு வர வேண்டும்? அவமதிப்பா? சாய்த்துப் பார்த்தேன். மண் மாவுபோல மென்மை. அலுவலகத் தாளை எடுத்துப் பின்பக்கம் வாசித்தேன். பின்பக்கத்தை இதுவரை வாசித்ததில்லை. முன்பக்கத்தில் எண்கள் இருந்ததால். மண்சரிவுக்கு முன் காணப்படும் அறிகுறிகள். மூன்றாவது: ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல், பெருகுதல்.

பூசைக்குப் போகவில்லை. லயத்துக்கு ஏறினேன். 96 படி. இந்த வீட்டில் இருபத்தாறு வருடம், இன்றுதான் முதல் தடவை.

மூன்றாம் லயத்துக்குப் பின்னால் பீலி. மலை ஊற்றிலிருந்து மூங்கில் வழியாக வரும் தண்ணீர்; லயத்துச் சனம் குடிப்பதும் குளிப்பதும் அதில். விரல் பருமனில் விழுவதாம். இன்று மணிக்கட்டுப் பருமன், தேயிலைச் சாயம்போல. அதற்கு மேலே புல்லில் ஒரு வெடிப்பு. குடைக் கம்பியை விட்டேன். பிடிவரை போயிற்று.

செல்வி துணி பிழிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எப்பலருந்து?"

"வியாழக்கெழம. மொதல்ல செம்மண்ணா வந்துச்சு, பொறகு தண்ணி கூடிருச்சு. வேல முடிஞ்சு வந்து ஒங்க பொட்டியில சொல்லலாம்னு பாத்தேன். வரி நம்பர் கேக்குது. லயத்துக்கு ஏதும்மா வரி?"

பக்கத்து வாசலிலிருந்து ஒரு கிழவி: "வரி கேட்டாங்கன்னா மொதல்ல பட்டா குடுக்கச் சொல்லுடி!" உள்ளேயிருந்து நாலைந்து பேர் சிரிப்பு.

"நேத்து ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."



இதையும் எழுதுகிறேன், இங்கே மட்டும். நானும் இலக்கமில்லாத வீட்டில் பிறந்தவள்தான். அப்பா தோட்டத்து ஆபிஸில் கிளாக்கர். கான்வென்ட் சேர்வுப் பதிவில் என் முகவரிக்கு நேரே தோட்டத்தின் பெயர் மட்டும். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு மறு பேச்சில்லாமல் உள்ளே எடுத்தார். லேனில் ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை.

படியிலேயே நின்று, போனிலிருந்து எச்சரிக்கை அறையில்: "மேல் லயத்துப் பீலியில் வியாழன் முதல் சேற்று நீர். நிலத்தில் வெடிப்பு. நான் நேரில் பார்த்தேன். முதலில் கண்டவர் லயம் 3 செல்வி." கிராம சேவகருக்கும் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முப்பத்தெட்டு வீடு வாசித்ததாகக் காட்டியது. ஒருவரும் பொய் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தடைப்பட்டியலை வெறுமையாக்கினேன். மூன்றாம் விதி இன்னும் அப்படியே. அதற்குப் பதில் என்ன வைப்பது என்று தெரியவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

47 மி.மீ. அளந்தது பழக்கத்தால்.

காலை எட்டுக்கு அனர்த்தப் பிரிவு அலுவலர். மெலிந்த பையன் வயதுக்காரர், நல்ல சப்பாத்து, வெடிப்பைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துவிட்டார். மூன்று லயமும், லேனின் மேல் ஒன்பது வீடும் இன்றே வெளியேற வேண்டும். ஒன்பதில் ஒன்று என்னுடையது.

படிவம் நிரப்பினார்.

"யார் முதல்ல கண்டது?"

"செல்வி. லயம் மூணு."

"வீட்டு இலக்கம்?"

"இல்ல."

அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். அவ்வளவுதான். ஒரு கோடு போதுமாயிருந்தது.

எடுத்துக்கொண்டவை: மருந்து, கண்ணாடி, வீட்டு உறுதிப் பத்திரம், என் வீட்டுக்காரர் படம், இரண்டு சேலை, இந்த நாட்குறிப்புக் கொப்பி, பெட்டி. எல்லோருக்கும் கோவில் மண்டபத்தில் பாய். எனக்கு மட்டும் கதிரை கொண்டு வந்தார்கள். அமர்ந்தேன், முழங்காலுக்காக.

பெட்டியை மேடைக்குப் பக்கத்தில் செருகினேன். பச்சை விளக்கைச் சுற்றி லயத்துப் பெண்கள்.

"இதாம்மா ஒங்க பொட்டி? இம்புட்டூண்டு!"

"இம்புட்டு இருந்துக்கிட்டா நம்மள விடல?"

செல்வி சிரிக்கவில்லை. ஹாஜியார் சோற்றுப் பார்சல் அனுப்பினார். என் பார்சலில் முட்டை உடைந்திருந்தது, பரவாயில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை அளவு இல்லை. மானி வீட்டில்.

பிற்பகல் 3.20. லொறி கல் கொட்டுவதுபோல் சத்தம், ஆனால் நிற்கவில்லை. மண்டபத்தில் எல்லோரும் எழுந்தோம். யாரோ பிள்ளைகளை எண்ணினார்கள். மீண்டும் எண்ணினார்கள்.

மாலையில் கிடைத்த செய்தி:
பீலி இல்லை.
லயம் மூன்றில் கடைசி நான்கு வீட்டுக் காம்பரா இல்லை. செல்வியுடையது அதில் ஒன்று.
என் பின் மதில், குசினி, மழைமானி இல்லை.
ஆட்கள் எல்லோரும் இருக்கிறோம்.

செல்வியிடம் போனேன். "சாப்பிட்டியா?" என்றேன்.

"நீங்க சாப்புட்டீங்களா? ஒங்க குசினியும் போச்சுன்னாங்களே."

பக்கத்தில் பாயில் இடம் விட்டாள். உட்கார்வது சிரமம், எழுந்திருப்பது அதைவிட. உட்கார்ந்தேன்.

ஒக்டோபர் 15, புதன்

வெயில்! ஒரு வாரத்துக்குப் பிறகு. மண்டப ஜன்னல் கம்பியெல்லாம் ஈரத் துணி.

மூன்றாம் விதியை அழித்தேன். இப்போது வாசலில் என்ன கேட்பது? செல்வியிடமே கேட்டேன்.

"பீலி எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. இந்த மலையில உள்ளவங்களுக்குத் தெரியும்."

ஃப.வுக்கு போனில் சொன்னேன். "எனக்கே தெரியாதே ஆன்டி! நானே வெளிய நிக்கணுமே!" லேனில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் ஞாயிறுவரை தெரியாது. ஆக, அது சரிவராது.

பெட்டி கேட்காது, ஓர் ஆள் கேட்கும் என்று முடிவு. ஃப. செய்ததுபோல. லேனுக்கு நான். மலைக்கு?

"நான் என்னத்தக் கேக்குறது?" என்றாள் செல்வி. "மொகத்தப் பாத்தா தெரியாதா?"

"பூப்படம் அனுப்பினா?"

"அனுப்பட்டுமே. ரெண்டு நாள் ஒருத்தர் பூ அனுப்பலைன்னா என்னாச்சுன்னு போய்ப் பாக்கலாம்ல."

இதை நான் யோசித்ததே இல்லை. குறித்துக்கொள்கிறேன்.

அவள் பெயருக்கு நேரே முதலில் 50 போட்டேன். பிறகு அழித்து 100. பெட்டி ஓர் எச்சரிக்கை காட்டியது: இவருக்கும் உங்களுக்கும் சம அதிகாரம் வரும், இதை நீங்கள் பின்னர் மாற்ற முடியாது, சம்மதமா? இரண்டு தடவை வாசித்தேன். நூறுக்கு மேல் எண் உண்டா என்று தேடிப் பார்த்ததையும் ஒளிக்க வேண்டியதில்லை. உண்டாம். போடவில்லை.

சம்மதம் என்பதை அழுத்தினேன்.

பதினொரு மணிக்கு அவளும் இன்னும் இரண்டு பேரும் அலுவலரோடு மேலே போனார்கள். ஊற்று மூடிப்போனால் தண்ணீர் வேறெங்காவது வெளியே வரும், அது எங்கே என்று பார்க்கவேண்டுமாம். ஹாஜியார் வீட்டுப் பக்கமாக இருந்தால் அவர்களும் வெளியேற வேண்டும்.

பன்னிரண்டு பத்து. எச்சரிக்கை அறையின் அடியில் சின்ன எழுத்தில்: 'செல்வி எழுதுகிறார்'. நின்றது. மறுபடியும் எழுதுகிறார். சோறு கொண்டு வந்த ஹாஜியார் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிறார்.