அப்பாவைப் பார்த்துக்கொண்டவள்

அன்புத் தங்கைக்கு,

எனக்காக நீ அண்ணனோடு பேச்சையே முறித்துக்கொண்டாய். கடைசியில் நானே அப்பாவின் வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று உனக்குக் கோபம். நியாயம்தான்.

அப்பாவின் காரியம் முடிந்தபின், வீடு பார்க்க ஒரு தம்பதியை அண்ணன் அழைத்துவந்தார். நான் அப்பாவின் கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இவங்க யாரு?" என்று அந்தப் பெண் கேட்டார்.

விற்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கும் தன் தங்கை நான் என்று சொன்னால் பேரம் கெடுமே. "அப்பாவைப் பாத்துக்கிட்டு இருந்தவங்க" என்றார் அண்ணன்.

"அப்படியா? எங்க மாமியாரும் படுத்த படுக்கைதான். நல்ல ஆளே கிடைக்க மாட்டேங்குது. நீங்க வர்றீங்களா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் சுட்டது. அதற்குமேல் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

வீட்டைக் காலி செய்து, மருந்துக்கடை மாடியில் ஓர் அறை எடுத்தேன். சுத்தமான அறைதான். ஆனால் ஒரு வாய் தண்ணீர் கேட்கக்கூட அங்கே ஆளில்லையடி.

பத்திரப் பதிவன்று நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்க மகளா? தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை விடுங்க. அந்த வேலை இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

நாளை முதல் போகிறேன். மாமியாருக்கு அப்பாவின் அறையைத்தான் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

நீ அண்ணனோடு பேசு. ஆனால் இதைமட்டும் சொல்லிவிடாதே, அவர் தாங்க மாட்டார்.

உன் அக்கா