கிரைண்டரில் போட்ட கறிவேப்பிலை

செப்டம்பர் 8, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். வரும் ஞாயிறு நூலக வாசகர் வட்டத்தில் என் பேச்சு: சுழலும் கருந்துளையைச் சுற்றியுள்ள பகுதிகள். குறிப்பு பாதி முடிந்தது.
என் மனைவி சரோஜாவிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். பள்ளியில் முப்பது வருடம் நடத்திய பாடமெல்லாம் முதலில் அவளிடம்தான், சமையலறையில். அவளுக்குப் பிடிபடாத உதாரணம் வகுப்புக்குப் போனதில்லை.
ஒரு வாரமாக அவளுக்குத் தலைசுற்றல். காது டாக்டரின் மாத்திரை கேட்கவில்லை.

செப். 9, செவ்வாய்
என் முட்டாள்தனம்.
மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஓடும் கிரைண்டரில் ஒரு கறிவேப்பிலையைப் போட்டேன். "பாரு, கல்லத் தொடவேயில்ல. மாவே இழுத்துக்கினு சுத்துது. கருந்துளையும் தன்னச் சுத்தியிருக்கிற இடத்தையே இப்படித்தான் இழுக்கும். அங்க யாரும் சும்மா நிக்க முடியாது. ஆனா வெளிய வந்துடலாம். இன்னும் உள்ள ஒரு எல்லை. அதத் தாண்டினா வர முடியாது."
தலைசுற்றல்காரியைப் போய்ச் சுழலும் கல்லைப் பார்க்கவைத்தேன்.
"ஏங்க, வூடே சுத்துது." சரிந்தாள். தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் இடது கையில் டம்ளர் நிற்கவில்லை.

செப். 10, புதன்
ஸ்ரீபெரும்புதூரில் தலை ஸ்கேன். கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்தது. ஆட்டோக்காரர்: "இன்னா சார், பெயிலாவப் போற பையன் மாதிரி குந்திக்கினு கீறீங்க? அம்மாவே சிரிச்சிக்கினு கீது."
ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை. காது என்றால் வெளியே வந்துவிடலாம். மூளை என்றால்...
வாங்க: ரவை, டார்ச் செல், அவள் மாத்திரை.

செப். 11, வியாழன்
மழை. கரண்ட் இல்லை. பேச்சுக் குறிப்பில் ஒரு பத்தியைக் கோடு போட்டு அடித்தேன்.
சரோஜா படுத்தபடியே, "மீதியச் சொல்லுங்க."
சொன்னேன்.
"நடுவுல இன்னாமோ முழுங்கிட்டீங்க. எனக்குத் தெரியாதா?"
வேறு வழியில்லை. அடித்த பத்தியைச் சொன்னேன். அந்தச் சுழலும் பகுதிக்குள் போகும் பொருள் இரண்டாகப் பிரியலாம். ஒன்று உள்ளே விழும். மற்றது, போனபோது இருந்ததைவிட அதிகச் சக்தியோடு வெளியே வரும்.
அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.
"உள்ள போனதுதான் குடுத்து அனுப்புதா?"
"கருந்துளையோட சுழற்சியிலேர்ந்து வருது" என்றேன், வாத்தியாராக.
"நல்லாத்தானே இருக்கு. அடிச்சத மறுபடி எழுதுங்க."
எழுதவில்லை.

செப். 12, வெள்ளி
ஏழரைக்கே ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து போன். டாக்டர் நேரில் பேசணுமாம், இன்றே. "வூட்டுப் பெரியவங்க யாராச்சும் இருந்தா கூட்டிக்கினு வாங்க சார்." எனக்கு அறுபத்தெட்டு. வேறு யார் பெரியவர்?
புடவையில் ஊக்கு குத்த அவளால் முடியவில்லை. நான் குத்தினேன். மூன்று முறை தவறியது.
"அடிச்சத எழுதிட்டீங்களா?"
"இல்ல."
"நோட்ட எடுத்துக்குங்க. டாக்டர் கூப்புடறவரைக்கும் சும்மாதானே குந்தியிருக்கணும்."
எடுத்துக்கொண்டேன். அவளுடைய இடது கை என் இடது கையில். அதில் பிடியே இல்லை. வலது கையால் இதை எழுதுகிறேன். வாசலில் ஆட்டோ ஹாரன்.