முடியும் நகமும் கேட்ட டாக்டர்

12 ஜூன் 2024
மகன் பாண்டிராஜுக்கு வெள்ளணு இன்னும் குறைந்துவிட்டது. அவன் அம்மா முப்பிடாதி கொடுத்த சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதாம். ரத்தத்தில் ஏதோ வைரஸ் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறதாம். அதை விரட்டப் போடும் ஊசிதான் வெள்ளணுவைத் தின்கிறது. பிறகு எதற்கு அந்த ஊசி? போலீஸில் காலம் தள்ளியவன் நான். எங்கேயோ உதைக்கிறது.

14 ஜூன்
முப்பிடாதி சாப்பிடவில்லை. “என் கிட்னியோடதான் அந்தச் சனியன் போயிருக்கு. நாந்தான் பிள்ளைக்குக் குடுத்துட்டேன்” என்று அழுகிறாள்.

17 ஜூன்
தென்காசியில் புதிதாக வந்திருக்கும் கிறிஸ்டி டாக்டர், பாண்டிராஜின் முடியை வேரோடு கேட்டார். நகமும் வேண்டுமாம். அவனைப் பெற்ற எங்கள் இருவருடையதும்!

ரத்தம் கேட்டால் டாக்டர். முடி, நகம் கேட்டால்? செய்வினைக்காரன். வெட்டிய நகம் கண்டவர் கையில் சிக்கக் கூடாதென்று புதைக்கிற ஆட்கள் நாங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

23 ஜூன், ஞாயிறு
டாக்டர் குற்றாலம் போனார். பின்னாலேயே போனேன் — யாரைப் பார்க்கிறார் என்று தெரிய வேண்டுமே. ஐந்தருவியில் குளித்தார், சாரலில் நின்று பஜ்ஜி தின்றார். என்னையும் பார்த்துவிட்டார்.

“அண்ணாச்சி, எம்மேல சந்தேகமா?”

நிற்க வைத்தே விளக்கினார். குழந்தைகளுக்குக் காய்ச்சல் தரும் சாதாரண வைரஸாம். எந்தக் காலத்திலோ முன்னோர் ஒருவரின் விந்தணுவிலோ கருமுட்டையிலோ புகுந்து, குரோமோசோம் நுனியில் தன் டி.என்.ஏ.வைச் சேர்த்துவிட்டிருக்கலாமாம். அதோடு பிறந்தவர் உடம்பில் எல்லாச் செல்லிலும் அது இருக்கும், ரத்தச் சோதனையிலும் தெரியும், ஊசிக்கு அசையாது; ஆனால் நோயாக இல்லாமல் சும்மா கிடக்குமாம்.

“பெறப்புலயே வந்ததுன்னா முடி வேர்லயும் நகத்துலயும் இருக்கும். ஊசியை நிப்பாட்டிரலாம்.”

குடியிருக்க வந்தவன் பட்டாவில் பேர் ஏற்றிய கதை. நம்புவதா? ஆனால் ஊசி வேண்டாம் என்பவருக்கு இதில் என்ன லாபம்?

24 ஜூன்
கொடுத்தோம். கவர்மேல் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

11 ஜூலை
ரிசல்ட் வந்துவிட்டது. பாண்டிராஜின் முடி வேரில் அந்த வைரஸ் இருக்கிறது. முப்பிடாதியிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேனே! ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

அச்சன்புதூர் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்: “ஏட்டி, உன் கிட்னில ஒண்ணும் இல்ல. இது எங்க வழிச் சொத்து.” இறங்கியதும் பசிக்கிறது என்றாள்.

4 ஆகஸ்ட்
வெள்ளணு ஏறுகிறது. பாண்டிராஜின் மகள் அபிக்கும் இருக்கிறதா என்று தெரிந்தால், பின்னால் யாரும் வீணாக ஊசி போட மாட்டார்களாம். இன்று அவளுக்கு நானே நகம் வெட்டினேன். புதைக்கவில்லை. காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், நாளை டாக்டரிடம் கொடுக்க.