உங்களுக்கு வராத சீனி வருத்தம்

அக்கா,

இன்று நிசாம் பெருநாள் வட்டிலாப்பம் கொண்டுவந்தார். தட்டின் மூடியைத் திறந்ததும் ஏலக்காயும் கித்துள் கருப்பட்டியும் சேர்ந்த மணம் அலுவலகம் முழுக்கப் பரவியது. முதல் துண்டை வெட்டி ஒரு பீரிசில் வைத்தார். எங்களில் ஒருவருக்கும் தரவில்லை. நேரே போய், யன்னலோரம் நீங்கள் இருந்த மேசையில் அதை வைத்துவிட்டு வந்தார். எனக்கு முகம் சுட்டது. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நம்முடைய வழக்கம் இன்னும் மாறவில்லை அக்கா. ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் வந்து, சரக்கை இறக்கி, திரும்பி வெளியே போகும்வரை அதற்குப் பொறுப்பானவரின் கையை விட்டு அலுவலகப் போன் இறங்கக்கூடாது. கப்டன் கூப்பிடுவார், கொழும்பு கூப்பிடும், லொறிக்காரர் கூப்பிடுவார். கப்பல் பிந்தினால் அது கடலின் குற்றமில்லை, போன் வைத்திருப்பவரின் குற்றம். இதைத்தான் கப்பல் முகவர் வேலை என்று சொல்லி எங்களைச் சேர்த்தார்கள்.

நீங்கள் ஒருவர்தான் அந்தப் போனுக்குப் பயப்படாதவர். மத்தியானம் என் கையிலிருந்து பறித்து, உங்கள் சோற்றுப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவீர்கள். உள்ளே கிடந்து அது முனகும். “சோறு தின்னுற நேரத்துக்குக் கப்பல் தாழாது பிள்ளை, சாப்பிடு” என்பீர்கள். மனேஜர் கண்டும் காணாததுபோல் போவார். உங்கள் வாய்க்கு அவருக்கும் பயம்.

பிறகு எனக்கு அந்தச் சத்தம் போன் அடிக்காதபோதும் கேட்கத் தொடங்கியது. குளிக்கும்போது கேட்டது, கோயிலில் கேட்டது. சோறு இறங்கவில்லை. ஒருநாள் அலுவலகக் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டவள் வெளியே வர ஏலாமல் நிலத்தில் இருந்துவிட்டேன். நீங்கள் கதவுக்கு வெளியே நின்று மெல்லமாகக் கதைத்தீர்கள்.

“திற பிள்ளை. கப்பல் கிடக்கட்டும். நான் மட்டும்தான் நிக்கிறன்.”

“ஏலாது அக்கா. எனக்கு விசர் பிடிச்சிட்டுது.”

“விசருமில்லை மண்ணாங்கட்டியுமில்லை. வருத்தம். வருத்தத்துக்கு மருந்திருக்கு. திற.”

ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போகச் சம்மதித்தேன். ஆனால் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். அக்காக்காரிக்கு விசராம், பைத்தியமாம் என்று ஒரு கதை வெளியே போனால் போதும், வந்த மாப்பிள்ளை பகுதி அப்படியே திரும்பிப் போய்விடும். நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். பிறகு மனேஜரின் அறைக்குப் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்: “சேர், எனக்குச் சீனி வருத்தமாம். மாதம் மாதம் கிளினிக் போகவேணும். தனியப் போக ஏலாது, இவ என்னோட வரட்டும்.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து நீங்கள் நீரிழிவு நோயாளி, நான் துணைக்குப் போகிற நல்ல பிள்ளை!

அந்தப் பொய்க்காக நீங்கள் எப்படி வாழ்ந்தீர்கள் என்பதை நினைத்தால்தான் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. நான்கு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடிக்கிறவர், அலுவலகத்தில் ஒரு சொட்டுச் சீனி இல்லாமல் முகத்தைச் சுளித்துக் குடித்தீர்கள். பிறந்தநாள் கேக் வந்தால் “எனக்கு வேண்டாம்” என்று கையால் மறித்தீர்கள். ஒரு பெருநாளுக்கு ஆசை பொறுக்காமல் வட்டிலாப்பத்தை எடுத்துவிட்டீர்கள். நிசாம் ஓடிவந்து, “அக்கா, சாகப் போறீங்களா!” என்று உங்கள் கையிலிருந்தே அதைப் பறித்தார். நீங்கள் கரண்டியை நக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். நானும் சிரித்தேன். தங்கச்சிக்குக் கலியாணமாகி, பிள்ளையும் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனபோது, அன்புவழிபுரத்தில் உங்கள் வீட்டுப் பந்தலுக்குள் மனேஜர், “சீனி வருத்தம் கடைசியில ஆளைக் கொண்டுபோட்டுது” என்றார். உங்கள் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு தரம்தான் பார்த்தார். பிறகு “ஓம்” என்றார். பெண்சாதியின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றும் எனக்காக அந்த மனிதர் பொய் சொன்னார் அக்கா. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து மன அழுத்தத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுத்தார். மூச்சை இழுத்து விடச் சொன்னார். நாங்கள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நிசாமின் போன் அடித்தது, அவர் வெளியே ஓடினார். உடன் வேலை செய்கிறவருக்கு யாராவது துணை நின்றதுண்டா என்று வந்தவர் கேட்டார். மனேஜர் என்னைக் காட்டி, “இவ எங்கட அக்காவைக் கடைசிமட்டும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனவ” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு! நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்றிருந்தது.

வகுப்பு முடிந்ததும் நிசாமைத் தேடினேன். பின்படியில், இறங்குதுறையைப் பார்த்தபடி இருந்தார். போனைக் காதோடு வைத்து, எடுத்து, திரும்ப வைத்தார்.

“இப்ப அடிச்சதெல்லே?” என்று என்னைக் கேட்டார்.

அது அடிக்கவில்லை. நீங்கள் கதவுக்கு வெளியே நின்றது நினைவு வந்தது. பக்கத்தில் இருந்து சொல்லிவிட்டேன்: “நிசாம், அந்தக் கிளினிக் எனக்கு. அக்காவுக்கு ஒரு வருத்தமும் இருக்கேல்லை. இப்பவும் நான் மருந்து எடுக்கிறன்.”

அவர் என்னையே பார்த்தார். “அப்ப அக்காவுக்குச் சீனி?”

“இல்லை.”

“யா அல்லாஹ்! அந்த மனிசிட கையில இருந்ததை நான் பறிச்செடுத்தனான்” என்று தலையில் கை வைத்தார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகை முழுக்க உங்களுக்காக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கிழமையே என்னோடு கிளினிக்குக்கு வந்தார். அலுவலகத்தில், வாப்பாவுக்குக் கண் பார்க்கவேண்டும், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இன்று உங்கள் மேசையில் அந்தப் பீரிசைக் கண்டதும் மனேஜர் சிரித்தார். “என்ன நிசாம், அவவுக்குச் சீனி வருத்தமெல்லோ? அங்க ஏன் வைக்கிறீர்?”

நிசாம் என்னைப் பார்த்தார். அத்தான் பார்த்த அதே பார்வை. “சும்மா சேர், ஒரு ஞாபகத்துக்கு” என்று எனக்காக அடுத்த பொய்யைத் தொடங்கினார்.

எழும்பினேன் அக்கா. “அக்காவுக்குச் சீனி வருத்தம் இருக்கேல்லை, சேர். கிளினிக் எனக்கு. மனநல கிளினிக். அவ எனக்காகத்தான் பொய் சொன்னவ.”

அந்த நேரம் பார்த்து நிசாமின் கையில் போன் அடித்தது. அதை வாங்கி என் சோற்றுப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். “முதல்ல சாப்பிடுவம்” என்றேன். கொஞ்ச நேரத்தால் மனேஜர் தன் துண்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மேசைக்கு எதிரில் இருந்து சாப்பிட்டார்.

வெட்கம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. முந்தி வருத்தத்தை நினைத்து வெட்கப்பட்டேன். இப்போது நீங்கள் குடித்த அந்தச் சீனியில்லாத தேத்தண்ணியை நினைத்து வெட்கப்படுகிறேன். இது என்னோடு இருக்கும், இருக்கட்டும்.

உங்கள் துண்டை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் அத்தானிடம் கொண்டு போகப்போகிறேன். உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கவில்லை என்று இனி அவர் எல்லாருக்கும் சொல்லலாம்.