ஆறு மெக்கானிக் வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

மேலாளர் கூப்பிட்டார். அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'நிதானம்'. எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிப்பார். ஏழு மாதமாகப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கூட வரவில்லை, இனி ஆன்லைனில் வீடியோ போட்டு ஆள் சேர்க்கலாம், அதை நீங்களே எடுங்கள் என்றார். ஆள் எடுக்கும் பிரிவில் நான் ஒருத்திதான். வேறு யாரிடம் சொல்வார்? அவர் பேசி முடிப்பதற்குள் சரி என்று தலையாட்டிவிட்டேன். கல்யாண வீட்டில் கேமரா வந்தாலே தூணுக்குப் பின்னால் போகிறவள் நான்!

நாங்கள் பராமரிக்கும் லிஃப்ட் முந்நூற்று நாற்பது. அதற்குப் பதினோரு மெக்கானிக் வேண்டும். இருப்பது ஐந்து பேர். அதில் ஒருவர் என் அண்ணன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக வீட்டில் கழித்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் மகளின் பிறந்தநாளன்று கேக் வெட்டக் கத்தியை எடுத்த நேரம் போன் வந்தது, கிளம்பிவிட்டார். அண்ணி அவருடைய பங்கைத் தட்டில் மூடி வைத்தார்.

ஏப்ரல் முடிவதற்குள் ஆறு பேர். அண்ணனுக்கு ஒரு ஞாயிறு. முடியாதா என்ன?

மார்ச் 6, வியாழன்

முதல் வீடியோ போட்டாயிற்று. நிதானம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நிறுவனத்தின் வரலாற்றை நாலரை நிமிடம் சொல்கிறார். பின்னால் பிளாஸ்டிக் பூச்செடி. அதைத் துடைத்து வைத்தது மட்டும்தான் நான் உருப்படியாகச் செய்த வேலை. இதுவரை பார்த்தவர்கள் நாற்பத்தொன்று. டிரைவர் வேலை காலி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மார்ச் 7, வெள்ளி

நாற்பத்து மூன்று. கூடிய இரண்டும் நான்தான்.

மார்ச் 10, திங்கள்

இன்று அண்ணனோடு வேலைக்குப் போனேன். சும்மா பார்க்கலாமென்று. அடடா, இதையல்லவா காட்டியிருக்க வேண்டும்!

பத்து மாடிக் குடியிருப்பு. நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. மூச்சு முட்டுகிறது என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் கதவிடுக்கில் வாயை வைத்து, எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஆறாம் வகுப்பாம். இன்றைக்கு என்ன பாடம் என்றார். அந்த அம்மா பின்னம் சொல்லிக்கொடுக்கப் போவதை விளக்கி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. வீட்டில் உப்பு வேண்டும் என்றால்கூட வாய் திறக்காத மனுஷன்!

அப்புறம் மேலே கூட்டிப்போய் லிஃப்ட் ஓடும் குழியைக் காட்டினார். கம்பிகள், சக்கரங்கள், கீழே போகப் போக இருட்டு. பத்து வருடமாகத் தினம் லிஃப்டில் ஏறுகிறேன், என்னைத் தூக்கிக்கொண்டு போவது எது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கை பரபரக்கிறது. வியாழக்கிழமை படம் எடுக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

ஏழு தடவை எடுத்தேன். மாடிக்கதவைச் சாவியால் திறந்து லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் கால் வைத்து ஏறும் காட்சி. முதல் தடவை அண்ணன் விறைத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது தடவை என் நிழல் விழுந்தது. ஒரு தடவை போனில் இடம் இல்லை. ஒரு தடவை ஏதோ குழந்தை வந்து எட்டிப் பார்த்தது. ஏழாவது தடவை, முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக் கொஞ்சம் சிரி அண்ணா என்றேன். சிரித்தார். அப்பா, என்ன சிரிப்பு! அதைத்தான் போடப்போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்றுக் காலை போட்டேன். இப்போது ஒன்பதாயிரம்!! தப்பாகப் படித்துவிட்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்பதாயிரம்தான். அண்ணனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. எங்கோ வேலையில் இருப்பார். பாவம், இன்றைக்கும்.

மார்ச் 17, திங்கள்

முப்பத்தெட்டாயிரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வரவேற்பில் இருக்கும் பெண் எழுந்து நின்று கை கொடுத்தாள். ஆனால் வந்த விண்ணப்பம் நான்குதான். பரவாயில்லை, வரும்.

மார்ச் 18, செவ்வாய்

முப்பத்தெட்டாயிரம் ஏன் வந்தது என்று தெரிந்துவிட்டது.

கீழே வந்திருக்கும் கமென்ட்களை இன்றுதான் உட்கார்ந்து படித்தேன். "சுவிட்ச் எங்கண்ணே?" என்று ஒருவர். அதற்குக் கீழே இருநூறு பேர் சிரிக்கிறார்கள். "இவருகிட்டயா நான் தொழில் கத்துக்கணும்?" என்று இன்னொருவர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனிடம் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார்.

"நான் ஸ்டாப் போடல," என்றார்.

கூரைமேல் கால் வைக்கும் முன் குனிந்து அங்கேயிருக்கும் சிவப்பு சுவிட்சை அழுத்த வேண்டுமாம். இல்லாவிட்டால் வேறு மாடியில் யாராவது பட்டனை அழுத்தினால் ஆளோடு சேர்ந்து லிஃப்ட் கிளம்பிவிடும். பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் அவர் அதை மறந்ததில்லை. முதல் ஆறு தடவையும் அழுத்தியிருக்கிறார். நான் சிரிக்கச் சொன்ன தடவைதான் அழுத்தவில்லை.

மார்ச் 19, புதன்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாப் போச்சு. வீடியோவைப் பார்த்த எங்கள் கம்பெனிப் பாதுகாப்பு அதிகாரி அண்ணனை லிஃப்ட் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். விசாரணை முடியும்வரை ஸ்டோரில் உட்கார்ந்து உதிரிபாகம் எண்ண வேண்டும். ஐந்து பேர் நாலு பேராகிவிட்டார்கள். ஆள் சேர்க்கக் கிளம்பின லட்சணம்! விசாரணையில் என்ன சொல்வாங்களோ? வேலையே போயிட்டா? நான் ஏன் அவரைப் போய் நிக்க வெச்சேன்? சிரி, சிரின்னு — என்ன சினிமாவா எடுத்தேன் நான்? வீடியோவை உடனே எடுத்துவிடும்படி நிதானம் சொன்னார். எடுத்துவிட்டேன். ஸ்டேஷனரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அண்ணி போன் செய்தார். "அவரு சாப்பிடல. நீ வந்து பேசு."

மார்ச் 20, வியாழன்

போனேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ரொம்ப நேரம் டேபிள் ஃபேனைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னொண்ணு எடு," என்றார். "நான் செஞ்ச தப்ப நானே சொல்றேன்."

வேண்டவே வேண்டாம் என்றேன். ஊரே சிரித்தது போதாதா?

"முப்பத்தெட்டாயிரம் பேர் பாத்திருக்காங்க. அதுல நேத்து வேலைக்குச் சேந்த பையன் ஒருத்தன் அதப் பாத்து அப்படியே ஏறினா? நீ அழிச்சா அவன் கண்ணுலேந்து அழிஞ்சிடுமா?"

நான் கிளம்பும்போது அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 21, வெள்ளி

நிதானம் இன்று நிதானமாக இல்லை. எந்த நிறுவனமாவது தன் தப்பைத் தானே தம்பட்டம் அடிக்குமா என்று கத்தினார். அடிக்கும் சார், அடித்தால்தான் நம்புவார்கள் என்று நானும் குரலை உயர்த்திவிட்டேன். எனக்கே ஆச்சரியம். ஓரமாக உட்கார்ந்திருந்த பாதுகாப்பு அதிகாரிதான் முடித்துவைத்தார். "எடுக்கட்டும் சார். ஆனா ஒரே தடவை. ரெண்டாவது தடவை எடுக்கக் கூடாது. பக்கத்துல நான் நிப்பேன்."

மார்ச் 24, திங்கள்

ஒரே தடவை. ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. இசை கிடையாது, சிரிப்பு கிடையாது. அண்ணன் குனிந்து சிவப்பு சுவிட்சை அழுத்தி, அழுத்தினதைக் காட்டி, அதற்கப்புறம்தான் காலை வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"போன வீடியோல நான் இத அழுத்தல. அது என் தப்பு, வேற யாரோடதும் இல்ல. கேமராவப் பாத்தேன், வேலையப் பாக்கல. யாரும் அப்படி ஏறாதீங்க. இங்க பதினோரு பேர் வேலைய அஞ்சு பேர் செய்யறோம். போன தடவ பாத்ததும் என் தப்பக் கண்டுபிடிச்சீங்கல்ல, நீங்கதான் எங்களுக்கு வேணும். வாங்க."

அப்படியே போட்டுவிட்டேன்.

மார்ச் 26, புதன்

எழுபத்திரண்டு விண்ணப்பம்! எழுபத்திரண்டு!! பார்வைகள் எத்தனை என்று பார்க்கவே மறந்துவிட்டேன். "சுவிட்ச் எங்கண்ணே?" என்று முதலில் கேட்டவரும் விண்ணப்பித்திருக்கிறார். அவர் ஒரு பெண்! எட்டு வருட அனுபவம். "தப்ப ஒத்துக்கற கம்பெனி இருக்குன்னு இப்பத்தான் தெரியும்" என்று ஒரே வரி எழுதியிருக்கிறார். அதை உரக்கப் படித்துக்காட்டினேன். அலுவலகம் முழுக்கச் சுற்றி வந்து படித்துக்காட்டினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

விசாரணை முடிந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, அவ்வளவுதான். திங்கட்கிழமை முதல் அண்ணன் மறுபடி வேலைக்குப் போகலாம். எனக்கும் ஒரு கடிதம்: இனி படப்பிடிப்பில் பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் போனைத் தூக்கக் கூடாது. மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

தப்பை ஒத்துக்கொள்வது தன்னுடைய யோசனை என்று நிதானம் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆறு. ஆறாவது கையெழுத்து மத்தியானம் விழுந்தது. ஒரு மாதம் பழக வேண்டும், பிறகு தனியாக வேலைக்கு அனுப்பலாமாம். படியில் குதித்து இறங்கினேன். இந்த வயதில் முழங்கால் என்ன ஆவது?

ஜூன் 8, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் அண்ணன், அண்ணி, குழந்தை. என்ன விஷயம் என்று கேட்டேன். "சும்மாதான்," என்றார் அண்ணன். அவர் சும்மா எங்கள் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நினைவில்லை.

வந்தவருக்கு உட்காரத் தெரியவில்லை. கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கினார். சமையலறை விளக்கை ஏன் கழற்றினார் என்று யாருக்கும் தெரியாது. அண்ணி அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு அவருடைய போன் அடித்தது. குழந்தை செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாள். எட்டு வருட அனுபவக்காரப் பெண்தான் பேசியது. ஒரு லிஃப்ட் நின்றுபோயிருந்ததாம், சரிசெய்துவிட்டாளாம், தகவலுக்காகச் சொன்னாளாம். "சரிம்மா," என்று வைத்துவிட்டார்.

சாப்பிட்டபின் மகளோடு தரையில் உட்கார்ந்து சீட்டு ஆடினார். நாலாவது ஆட்டத்தில் கையில் சீட்டைப் பிடித்தபடியே சாய்ந்து தூங்கிவிட்டார். அவள் ஒவ்வொரு சீட்டாக அவர் விரலிலிருந்து உருவிப் பார்த்துவிட்டு, தான்தான் ஜெயித்தேன் என்று என் காதில் வந்து சொன்னாள்.

இதை எழுதும்போது மணி நாலு. அண்ணன் இன்னும் எழுந்திருக்கவில்லை.