நீ கலந்த தடம்

முன்பு தோழியாக இருந்தவளுக்கு,

புதுக் கோட்பாடு சொன்ன துகளின் தடம் அணுத்துகள்களை மோதவிடும் நம் இயந்திரத்தின் தரவில் தெரிந்ததும், உன் எதிரில் நின்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் சொல்லிட்டேம்மா" என்றார் அப்பா. நீ காபியை ஆற்றிக்கொண்டிருந்தாய்.

எங்களைச் சோதிக்க அந்தப் போலித் தடத்தைத் தரவில் கலந்ததே நீதான் என்பது, அந்த ரகசியத்தை எழுதி முத்திரை வைத்திருந்த உறையை நேற்று எல்லார் முன்னாலும் பிரித்தபோதுதான் தெரிந்தது. "முன்னாடியே சொல்லக் கூடாதுங்கிறது விதி" என்றாய். இருக்கட்டும். போன மாதம் அப்பாவின் துக்கத்துக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "சந்தோஷமாத்தான் போனாரு" என்றாயே, அது எந்த விதி?

நீ ஒளித்ததைக் கண்டுபிடித்ததால் எங்கள் குழு தேறிவிட்டதாம். அடுத்த முறை நிஜமாகவே கிடைத்தால், போன் செய்ய எனக்கு ஆளில்லை.

இப்படிக்கு,
உன் சோதனையில் தேறியவள்