பெல்ட் வேகம்

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் ஒன்றை விட்டுவிட்டேன். ஊசிமருந்துக் குப்பிகள் பெல்ட்டில் வர வர, தூசி, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. நாங்கள் ஒழுங்காகப் பார்க்கிறோமா என்று அறிய, சூப்பர்வைசர் தினமும் பத்துப் பழுதுக் குப்பிகளை நடுவே கலந்துவிடுவார். இந்த மாதத்தில் இரண்டு தவறிவிட்டன. மூன்றாவதும் போனால் சீட்டுக் கிழிந்துவிடும். "கண்ணு எங்க இருந்துச்சு?" என்றார். கண் குப்பியில்தான் இருந்தது. காதுதான் பக்கத்து நாற்காலி அக்காவின் மருமகள் கதையில் இருந்தது.

மார்ச் 5, புதன்
பெல்ட்டை மெதுவாக்கிவிட்டார்கள். எல்லோருக்கும் நிம்மதியாம். எனக்கு நரகம். ஒரு குப்பிக்கும் அடுத்ததற்கும் நடுவே மின்விசிறிச் சத்தம், அக்காவின் மூக்குறிஞ்சல், என் மகளின் பரீட்சை என்று எல்லாம் புகுந்துவிடுகிறது.

மார்ச் 7, வெள்ளி
கேட்டேவிட்டேன். "சார், பெல்ட்ட வேகமா ஓட்டுங்க."
"மெதுவா வரப்பவே கோட்ட விடுற. வேகமா வந்தா?"
"வேற எதுவும் மண்டையில ஏறாது சார்."
அக்கா முழங்கையால் இடித்தாள். "உனக்கென்ன பைத்தியமா? என் உசுரு போயிரும்டி."

மார்ச் 10, திங்கள்
இரட்டை வேகம். பத்துக்குப் பத்து.

மார்ச் 11, செவ்வாய்
எழுத்து கோணுகிறது.
பெல்ட் திடீரென்று நின்றது. திரும்பினால் அக்கா தரையில் கிடக்கிறாள். சர்க்கரை இறங்கிவிட்டதாம். எதிர் வரிசைக்காரிதான் ஓடிவந்து பெல்ட்டை நிறுத்தியிருக்கிறாள். "அக்கா உன்னத்தான் கூப்பிட்டாங்க. மூணு தடவ. எனக்கே கேட்டுச்சு" என்றாள்.
கை நீட்டினால் தொடும் தூரம். சத்தியமா என் காதுல விழல. சொன்னா யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன்.

மார்ச் 13, வியாழன்
அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். "எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 24, திங்கள்
அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். காலையிலேயே சூப்பர்வைசரிடம் போய்ப் பெல்ட்டைப் பழையபடி மெதுவாக ஓட்டச் சொன்னேன். நாள் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினேன். வியர்க்கிறதா, வாய் குழறுகிறதா என்று.
மாலையில் சூப்பர்வைசர் நான் பிடித்த குப்பிகளை எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார்.
"நீயேதான மெதுவா ஓட்டச் சொன்ன?"
"ஆமா சார்."
அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அக்காவோடு வெளியே வந்தேன்.